மஞ்சள் தடவிய தாள்

அத்தியாயம் பதினான்கு

சோப்புப் பட்டதும் சிவந்தது. தண்ணீர் ஊற்றியதும் மறுபடி மஞ்சளானது. கணவரின் காக்கிச் சட்டைப் பையில் இருந்த அந்தக் கறையை நீலாவதி மூன்று முறை கல்லில் வைத்துத் தேய்த்துவிட்டாள். அது போகிற வழியாகத் தெரியவில்லை.

"ஆள் மேய்க்கிற மண்டோர் வேலைக்குப் போறாரா, கல்யாணப் பந்திக்குப் போறாரா, தெரியலையே!" என்று முனகிக்கொண்டு சட்டையைக் கம்பியில் போட்டாள்.

விடிந்ததிலிருந்து கொட்டிய மழை இப்போதுதான் விட்டிருந்தது. ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக் கலைந்து, செம்பனைப் பழம் பொறுக்கப் போகவேண்டியவர்கள் எல்லாரும் வீடு திரும்பியிருந்தார்கள். மணி பத்து. செனாவாங் கிலாங்கில், அந்தத் தொழிற்சாலையில், இரவு ஷிஃப்ட் முடித்து எட்டரைக்கே வரவேண்டிய மகள் லீலாவை இன்னும் காணோம்.

இன்றைக்கென்று பார்த்தா தாமதம்? பினாங்கு கல்லூரியில் மின்னணுத் தொழில்நுட்பப் பயிற்சிக்கு ஆறே இடம். அதில் ஒன்று மெராந்தித் தோட்டத்து மண்டோர் இராஜமாணிக்கத்தின் மகள் புஷ்பலீலாவுக்கு. அந்தச் செய்தி கணினி வழியாக வந்த நாளிலிருந்து வீட்டில் அப்பாவும் மகளும் முகம் பார்த்துப் பேசவில்லை. 'வருகிறேன்' என்று பதில் எழுத இன்று மாலை ஐந்து மணி வரைதான் கெடு. அப்பா சரி என்று சொல்லட்டும், சொல்லட்டும் என்று லீலா காத்திருந்தாள். நேற்று மாலை நீலாவதிதான் பொறுமை இழந்து, "நீ எழுதுடி. உங்கப்பாவ நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

லயத்து வீட்டு வரிசையின் முனையில் லீலா தெரிந்தாள். கையில் சப்பாத்து, காலில் சேறு.

"மா, என் இடம் போயிருச்சு."

"என்னடி சொல்ற?"

"ஷிஃப்ட் முடிஞ்சு காலேஜுக்குப் போன் போட்டேன். 'நீங்கதான் வரலைன்னு புதன்கிழமையே எழுதிட்டீங்களே'ங்கிறாங்க. குடும்பக் காரணமாம். என் ஈமெயில்லருந்து, என் பேர் போட்டு. நான் எழுதலம்மா! யாரோ என் கணக்குக்குள்ள பூந்துட்டாங்க."

நீலாவதிக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் பினாங்கு கைவிட்டுப் போனது முழுக்கப் புரிந்தது.

"அத போன்லயே சொல்லவேண்டியதுதானே, நான் எழுதலைன்னு?"

"சொன்னேன். 'போன்ல பேசுறது யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? மறுத்து வந்த அதே விலாசத்துலருந்து அஞ்சு மணிக்குள்ள மாத்தி எழுதுங்க, இல்ல நேர்ல வாங்க'ன்னு அந்தம்மா போன வெச்சிட்டாங்க. பினாங்குக்கு இப்பப் பஸ் ஏறினா ராத்திரியாயிரும். கிலாங் கம்ப்யூட்டர்ல எழுதலாம்னா ஈமெயில் கதவே தொறக்கல. பாஸ்வேர்ட மாத்திட்டாங்க."

"யாரு?"

லீலா உதட்டைக் கடித்தாள். "முத்துலெட்சுமி. வேற யாரு? அவ பேருதான் காத்திருப்போர் பட்டியல்ல முதல்ல இருக்கு. நான் விலகினா அவளுக்குத்தான் இடம். பஸ்ஸுல எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன். 'சீ, துரோகி'ன்னுட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. அழுதுட்டு இறங்கிட்டா."

முத்துலெட்சுமியா? லீலாவோடு கிலாங்கில் வேலை செய்கிறவள்; தீபாவளிக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து முறுக்குப் பிழிந்தவள். நீலாவதிக்கு அது ஒட்டவில்லை. அவள் மனம் வேறொரு பக்கம் போயிற்று. போன மனத்தைப் பார்த்து அவளே திடுக்கிட்டாள்.

அந்த நேரம் பார்த்து மோட்டார் சத்தம். தேத்தண்ணி குடிக்க இராஜமாணிக்கம் வந்து இறங்கினார். நீலாவதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். சொல்லும்போது அவர் முகத்தையே பார்த்தாள்.

"என்ன, என்னையே பாக்கற?" என்றார் அவர். "எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் பொட்டிக்கு முன்னாடி எது பின்னாடி எதுன்னே தெரியாது. நான் போயி லெட்டர் எழுதினேனா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"கண்ணு சொல்லுதுலா!" தேத்தண்ணியை நின்றபடியே குடித்தார். மகள் பக்கம் திரும்பாமல், "போனா போவுதுன்னு விடு. எல்லாம் ஒரு நல்லதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு மோட்டாரை உதைத்தார்.

லீலா அப்படியே குசினிப் படியில், அடுப்படி வாசலிலேயே, உட்கார்ந்துவிட்டாள். நீலாவதி அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"எழுந்திரு. மூஞ்சக் கழுவு. அஞ்சு மணி ஆக இன்னும் நேரமிருக்கு. நானும் வரேன்."

"நீ வந்து என்னம்மா செய்யப்போற?"

"அழுதா தொடச்சி விடறேன். வா."

*

சிரம்பான் பஸ் நிலையத்துக்குப் பின்னால், தையல் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அமிர்தலிங்கத்தின் சைபர் கபே. ஆறு கணினிகள், ஒரு காற்றாடி, சுவரில் ஒரு விநாயகர் படம். லீலா ஈமெயில் கற்றுக்கொண்டது இங்கேதான். ஒரு பஸ் தவறி, அடுத்ததற்காக மறுபடி பிடித்த மழையில் மணிக்கணக்காக நின்று, அவர்கள் மாடி ஏறியபோது மணி மூன்றே கால்.

அமிர்தலிங்கம் முப்பது வயதுக்காரன். கேட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"பாஸ்வேர்டு மறந்தவங்களுக்குன்னு ஒரு பின்வாசல் இருக்கு. உங்க பொறந்த தேதி கேக்கும். அது சரியா இருந்தா, நீங்களே சேர்த்த ஒரு கேள்வியக் கேக்கும். பதில் சொன்னா உள்ள விடும். பூந்த ஆளும் இந்த வழியாத்தான் போயிருக்கணும். இந்தா, அடிங்க."

லீலா அடித்தாள். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது.

"தப்புங்குது!"

"நிதானமா அடிங்க."

அவள் ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துப் பார்த்து அடித்தாள். மறுபடி சிவப்பு.

அமிர்தலிங்கம் அவள் கையைத் தட்டச்சுப் பலகையிலிருந்து விலக்கினான். "போதும், தொடாதீங்க. மூணாவது தடவையும் தப்பானா நாளைக்கு இதே நேரம் வரைக்கும் பூட்டிக்கும்."

நாளைக்கு! நீலாவதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நாற்பது.

மாடிப்படியில் காலடி கேட்டது. முத்துலெட்சுமி நின்றாள். அழுது வீங்கிய கண், கையில் நனைந்த குடை. லீலாவைக் கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, நேராக உள்ளே வந்தாள்.

"நீ இங்கதான் இருக்கியா? நல்லதாப் போச்சு. உன் முன்னாடியே எழுதறேன். அண்ணே, எனக்கு ஒரு கம்ப்யூட்டர் கொடுங்க."

"என்ன எழுதப்போற?" என்றாள் லீலா, முகத்தைத் திருப்பிக்கொண்டே.

"உன் இடம் எனக்கு வேணாம்னு எழுதப்போறேன். பட்டியல்லருந்து என் பேர எடுக்கச் சொல்லப்போறேன். அப்பவாச்சும் நம்புவியா? எட்டு மாசம் ஒரே மேசையில உக்காந்து வேலை செஞ்சிருக்கோம். பூட்ட ஒடைச்சி உன் இடத்தத் திருடுறவளா நான்?" அவள் குடையை மூலையில் எறிந்தாள். "ஆகஸ்ட் இருபத்திமூணு, கேண்டீன்ல எல்லாரையும் கூட்டி உனக்குக் கேக் வெட்டினவளே நான்தான்டி!"

லீலா திரும்பினாள். ஆனால் கேட்டவள் நீலாவதி.

"என்னைக்கு வெட்டினம்மா?"

"ஆகஸ்ட் இருபத்திமூணு, ஆன்ட்டி. அவ பொறந்த நாளு."

"அது இவ பொறந்த நாளு இல்லையே."

மூன்று பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவ பொறந்தது ஆகஸ்ட் ஒம்பதாந் தேதி, ஆடி மாசம்" என்றாள் நீலாவதி. "அப்பல்லாம் நம்ம தோட்டத்துல கணக்கெழுதற கிராணி, பொறந்த பிள்ளைங்களுக்கு ரெண்டு வாரத்துக்கு ஒருக்காத்தான் பேப்பர் எழுதுவாரு. எழுதுன அன்னைக்கே பொறந்ததாப் போட்டுட்டாரு. அடையாளக் கார்டு ஐசியில, ஸ்கூல்ல, கிலாங்ல எல்லாம் இருபத்திமூணு. கோயில் அர்ச்சனைக்கு மட்டும் ஒம்பது. லீலா, நீ இப்ப எத அடிச்ச?"

"ஐசில உள்ளதம்மா. எந்த விண்ணப்பப் பாரத்துக்கும் அதானே எழுதுவோம்..."

"இந்தக் கணக்க என்னைக்குத் தொறந்த?"

லீலாவின் வாய் மெதுவாகத் திறந்தது. "பொறந்த நாள் அன்னைக்கு. கோயிலுக்குப் போயிட்டு நேரா இங்க வந்தேன்..."

"நெத்தியில விபூதியோட வந்தீங்க. எனக்குக்கூடச் சக்கரைப் பொங்கல் கொடுத்தீங்க" என்றான் அமிர்தலிங்கம்.

"அப்ப ஒம்பதுதான் போட்டிருப்ப. கையில பிரசாதத்த வெச்சிக்கிட்டு யாராச்சும் ஐசி தேதியச் சொல்லுவாங்களா?"

லீலா எண்களை அடித்தாள். கடைசிப் பொத்தானை அழுத்த விரல் எழவில்லை. பின்னாலிருந்து முத்துலெட்சுமி அவள் தோளைத் தொட்டாள். லீலா அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அழுத்தினாள்.

சிவப்பு வரவில்லை. திரையில் கேள்வி வந்தது.

"என்னடி கேக்குது?"

"எங்க குலதெய்வம் யாருன்னு." லீலா சிரித்தாள், கண்ணீரோடு. "பச்சையம்மன்!"

கணக்கின் கதவு திறந்தது. கீழே தையல் கடையிலிருந்து ஆள் ஓடிவருகிற அளவுக்கு முத்துலெட்சுமி கத்தினாள்.

"பூந்த ஆளு முன்வாசல் சாவிய மாத்தியிருக்கான், பின்வாசல மாத்த மறந்துட்டான்" என்றான் அமிர்தலிங்கம். "கெட்டிக்காரன் இல்ல. சீக்கிரம் எழுதுங்க."

மணி நாலு பத்து. லீலா எழுத, முத்துலெட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப் பிழை பார்த்தாள். இரண்டு கடைக்கும் ஒரே போன் லைன்; கீழே தையல் கடைக்காரர் போனை எடுத்துவிட, இணைய இணைப்பு ஒருமுறை அறுந்தது. "மாமா, போன வைங்க! ஒரு பொண்ணு வாழ்க்கை ஓடிக்கிட்டிருக்கு!" என்று அமிர்தலிங்கம் படியிலிருந்து குரல் கொடுத்தான். "கல்யாணமா தம்பி?" என்று கேட்டது கீழிருந்து. "அதவிடப் பெருசு!"

கடிதம் போயிற்று. நாலு முப்பத்தெட்டுக்குப் பதில் வந்தது. இரண்டே வரி. இடம் அவளுக்கே, ஜனவரி மூன்றாம் தேதி வந்து சேரவும்.

தோழிகள் இருவரும் கட்டிக்கொண்டார்கள். "உன்ன பஸ்ஸுல அப்படிப் பேசினேனே" என்று லீலா ஆரம்பிக்க, "ஒரு மாசத்துக்கு கேண்டீன் சாப்பாட்டுக்கு நாசி லெமாக் நீதான் வாங்கித் தரணும், ஆமா" என்று அதை முடித்துவைத்தாள் முத்துலெட்சுமி.

நீலாவதி மட்டும் சிரிக்கவில்லை. அவள் நாற்காலியை அமிர்தலிங்கத்தின் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"தம்பி, உள்ள பூந்தவனுக்கும் இந்த ரெண்டு பதிலும் தெரிஞ்சிருக்கணும், இல்லையா?"

"ஆமாக்கா. ஒம்பதாந் தேதியும் தெரியணும், பச்சையம்மனும் தெரியணும். முதல்ல இவங்க ஈமெயில் விலாசமும் தெரியணும். இந்த மூணும் ஒரே இடத்துல யாருக்குக் கிடைக்கும்?"

யாருக்குக் கிடைக்கும் என்று நீலாவதிக்குத் தெரியும். கொடுத்தவளே அவள்தான்.

போன செப்டம்பரில் மகளுக்கு வரன் பார்க்கலாம் என்று ஜாதகத்தோடு ஒரு விவரத் தாள் தயாரித்தாள். இங்கிலீஷ் எழுத்தில் லீலாவையே அடிக்கச் சொன்னாள். உண்மையான பிறந்த தேதி, நேரம், நட்சத்திரம், குலதெய்வம், வேலை. எல்லாவற்றுக்கும் கீழே, "உன் ஈமெயிலையும் போடுடி. நம்ம பிள்ளைக்கும் ஈமெயில் இருக்குன்னு தெரியட்டும்" என்று அவள்தான் பெருமையாகச் சேர்க்கச் சொன்னாள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, தரகர் நல்லசாமியிடம் மூன்று தாள் கொடுத்தாள்.

வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை ஊர் ஊராக அனுப்பியிருக்கிறாள்!

அவள் எல்லாவற்றையும் அவர்களிடம் சொல்லி முடித்தாள். லீலா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அடிச்சிக் கொடுத்தது நான்தானேம்மா. எனக்கே தோணலையே."

"ஜாதகத்துல உண்மையத்தான் எழுதணும்க்கா, தப்பில்ல" என்றான் அமிர்தலிங்கம். "ஆனா இந்தப் பொட்டிக்கு உண்மையச் சொல்லணும்னு சட்டம் இல்ல. குலதெய்வம் யாருன்னு கேட்டா, 'மண்ணெண்ணெய் அடுப்பு'ன்னு போடலாம். உங்களுக்கு ஞாபகம் இருந்தா போதும்."

"ஐயையோ, சாமி பேர்ல பொய்யா?"

"அம்மன் கோயிலுக்கும் பூசாரி பூட்டுப் போடுறாருல்ல? அவ கோவிச்சிக்கிட்டாளா?"

நீலாவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு முதல் சிரிப்பு.

"சரி லீலா, கேள்வியும் புதுசு, பாஸ்வேர்டும் புதுசா போடுங்க. பேரு, தேதி, ஊரு எதுவும் வேணாம். முடிச்சதும் கணக்கிலருந்து வெளியேறிட்டுத்தான் எழுந்திரிக்கணும்" என்று சொல்லிவிட்டு அமிர்தலிங்கம் தன் மேசைக்குப் போனான். முத்துலெட்சுமியும் எழுந்து படி ஓரம் போய் நின்றாள்.

"நீ இரும்மா. உனக்கு மட்டும் சொல்றேன்" என்றாள் லீலா.

நீலாவதி எழுந்துவிட்டாள். "வேணாம். எனக்கும் சொல்லாத."

"ஏம்மா?"

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னுதான் நினைப்பேன். பெருமைக்கு ஒரு நாள் சொல்லிருவேன். என்னை எனக்குத் தெரியும்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கீழே பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களைப் பார்த்தாள். பின்னால் விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது. மகளுக்கென்று தனியாக ஒரு அறை கட்டப்படுகிற சத்தம் போல இருந்தது அது. திரும்பிப் பார்க்கவில்லை.

*

தரகர் நல்லசாமிக்குப் பஸ் நிலைய வாசலில் பூக்கடை. லீலா டிக்கெட் வாங்கப் போன நேரத்தில் நீலாவதி அங்கே போய் நின்றாள்.

"அண்ணே, அந்த மூணு தாளும் எங்க?"

"பொருந்தலைன்னா திருப்பிக் கொடுக்கறதுதானே வழக்கம்? செனாவாங் வீட்டுத் தாளும் ராசா ஊரு வீட்டுத் தாளும் உன் கையிலயே கொடுத்தேன்லா."

"கோலா பிலா வீட்டுத் தாளு?"

"அதுவும் பொருந்தலைன்னு வந்திருச்சு. இந்தத் திங்கக்கிழமை மாணிக்கம் மோட்டார்ல இந்தப் பக்கம் வந்தாரு. அவர்கிட்டதான் கொடுத்தேன். மடிச்சிச் சட்டைப் பையில வெச்சிக்கிட்டாரே, ஏன், வீட்ல சொல்லலையா?"

நீலாவதி பூக்கடையை விட்டு நகர்ந்தாள். சோப்புப் பட்டதும் சிவந்து, தண்ணீர் பட்டதும் மஞ்சளான கறை கண்முன் வந்து நின்றது.

திங்கட்கிழமை தாள் அவர் பையில். புதன்கிழமை கடிதம்.

*

வீடு வந்து சேர்ந்தபோது பொழுது இன்னும் முழுக்கச் சாயவில்லை. இரண்டு நாளாகச் சரியாகத் தூங்காத லீலா பாயில் படுத்ததும் கண்ணயர்ந்துவிட்டாள். தூக்கத்திலும் அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

நீலாவதி கம்பியிலிருந்து காக்கிச் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள்.

மோட்டார் வந்து நின்றது.

"என்ன ஆச்சு?" என்றார் இராஜமாணிக்கம்.

"கிடைச்சிருச்சு. ஜனவரியில போறா."

அவர் மோட்டாரை அணைத்தார். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கினாற்போல நீளமாக மூச்சு விட்டார். நீலாவதி எதிர்பார்த்தது கோபத்தை. வந்தது இது.

"நல்லது" என்றார் மெதுவாக. பிறகு உள்ளே தூங்குகிற மகளை எட்டிப் பார்த்துவிட்டு, "புதுசா போட்ட அந்த ரகசிய வார்த்தைய எங்கயாச்சும் எழுதி வெச்சிக்கச் சொல்லு. மறந்துறப்போறா" என்றார்.

நீலாவதி நிமிர்ந்தாள். காலையில் 'யாரோ பூந்து லெட்டர் எழுதிட்டாங்க' என்று மட்டும்தான் அவரிடம் சொன்னாள். வார்த்தை என்று ஒன்று இருப்பதாக யாருமே சொல்லவில்லை.

"பொட்டிக்கு முன்னாடி பின்னாடி தெரியாதுன்னீங்க. உள்ள வார்த்தை இருக்கிறது மட்டும் எப்படித் தெரிஞ்சிச்சு?"

அவர் கை மோட்டார் சாவியிலேயே நின்றது.

நீலாவதி சட்டையை விரித்து, பையில் இருந்த மஞ்சளை அவருக்குக் காட்டினாள். கத்தவில்லை. குரல்கூட உயரவில்லை.

"இந்தத் தாள யாருக்குக் கொடுத்தீங்க?"

இராஜமாணிக்கம் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். மனைவிக்குப் பக்கத்தில், வாசல்படியில் உட்கார்ந்தார். கல்யாணமாகி இருபத்துநாலு வருஷத்தில் அவர் அப்படி உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

"எழுதுனது நான் இல்ல, நீலா. ஆனா எழுதுன கைய எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்" என்றார். "பிள்ளை எழுந்திரிக்கறதுக்குள்ள சொல்லிர்றேன். கோவப்படாம கேளு."